சிங்கப்பூர் ஆற்றங்கரை: மூட்டை இறங்கிய படித்துறை வங்கி வட்டாரமானது எப்படி?

ஆற்றங்கரை மேம்பாடு என்று எந்த ஊரில் பேச்சு எழுந்தாலும் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். முன்னால் ஓட்டுக்கூரை போட்ட கடைவீடுகள், பின்னால் வங்கிக் கோபுரங்கள், கரையைத் தொட்டு ஓடும் சிங்கப்பூர் ஆறு. படத்தோடு வரும் கதையும் எப்போதும் ஒன்றுதான். நாறிக் கிடந்த ஆற்றைப் பத்தே வருடத்தில் சுத்தம் செய்தார்கள், கரை வணிக மையமாகிவிட்டது என்பார்கள்.

ஆறு நாறியது உண்மை. பத்து வருடத்தில் சுத்தமானதும் உண்மை. ஆனால் ஒன்றினால் மற்றொன்று வந்தது என்பது சரியில்லை. ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஓசிபிசி வங்கியின் கோபுரம் 1976-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆற்றைப் பத்து ஆண்டுகளுக்குள் சுத்தம் செய்யுங்கள் என்று அன்றைய பிரதமர் லீ குவான் யூ கெடு வைத்தது 1977 பிப்ரவரியில். கோபுரம் முந்தி, சுத்தம் பிந்தி.

இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால், ஆற்றுக்குக் கரை கட்டி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்துவிட்டால் முதலீடு தானாக வந்துவிடும் என்ற முடிவுக்குத்தான் வர முடியும். உண்மையில் அந்த வட்டாரத்தை மாற்றியவை நிலச் சட்டம், வாடகைச் சட்டம், நாணயச் சந்தை, துறைமுகம் ஆகிய நான்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இடத்தின் பழைய கதை

சிங்கப்பூர் ஆறு சின்ன ஆறு. நீளம் சுமார் 3.2 கிலோமீட்டர்தான். அதன் தென்கரை ஒரு காலத்தில் வெறும் சதுப்பு. 1822-இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, பக்கத்திலிருந்த சிறு குன்றை வெட்டி அந்த மண்ணைக் கொண்டு சதுப்பை நிரப்ப ஏற்பாடு செய்தார். குன்று இருந்த இடம் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். நிரப்பிய கரை, படகுத்துறை என்று பொருள்படும் போட் கீ. கரை அந்த இடத்தில் வயிறு புடைத்தாற்போல வளைந்திருக்கும். கெண்டை மீனின் வயிறு போல இருக்கிறது, செல்வம் தங்கும் என்று நம்பிச் சீன வணிகர்கள் அங்கே கடை போட்டார்கள். 1860-களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு இந்தக் கரையில்தான் நடந்தது.

பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தவை தோங்காங், துவாக்கோ எனப்பட்ட சரக்குப் படகுகள். அவற்றின் முகப்பில் இரண்டு பக்கமும் கண் எழுதியிருப்பார்கள். படகு தானே வழி பார்த்துப் போகும் என்பது நம்பிக்கை. தொடக்க காலத்தில் இந்தப் படகுத் தொழில் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் கையில் இருந்தது. பிறகு ஹொக்கியன், தியோச்சியூ சீனர்களின் கைக்கு மாறியது. ஓசிபிசி வங்கி நிற்கும் தெருவுக்கு இன்றும் சூலியா ஸ்திரீட் என்றுதான் பெயர்.

படகுக்கும் கரைப்படிக்கும் நடுவே ஒற்றைப் பலகை கிடக்கும். தோளில் மூட்டையைச் சாய்த்துக்கொண்டு, பலகை தாழ்ந்து எழும் கணக்குக்கு ஏற்பக் கால் வைத்து ஆள் ஏறி வருவார். படியேறினால் தெரு, தெருவைத் தாண்டினால் கடைவீடு. கீழ்த்தளத்தில் கிடங்கும் கணக்கு மேசையும். மேல்தளத்தில் குடும்பம், அல்லது படுக்க மட்டும் இடம் பிடித்துக்கொண்ட கூலியாட்கள். வேலையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இது திரும்ப வரும்.

மார்க்கெட் ஸ்திரீட்டும் கிட்டங்கியும்

சரக்கு இருக்கும் இடத்தில் கடன் இருக்க வேண்டும். கப்பல் வந்த அன்று சரக்கை வாங்குபவருக்கு, அதை விற்றுக் காசாக்கும்வரை பணம் வேண்டும். அந்தப் பணம் கிடைத்த இடங்களில் ஒன்று, ஆற்றங்கரைக்குப் பின்னால் இருந்த மார்க்கெட் ஸ்திரீட். தமிழர்கள் அதைச் செட்டித் தெரு என்றார்கள்.

கிட்டங்கி என்றால் சொல்லளவில் கிடங்கு. நடப்பில் அது நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், லேவாதேவி நடத்திய நீளமான கூடம். சுவரோரம் வரிசையாக ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் சாய்வான சிறு மேசை, பக்கத்தில் பணமும் பத்திரமும் வைக்கும் பெட்டி. அவ்வளவுதான் ஒரு நிறுவனம். ஊரிலிருக்கும் முதலாளியின் சார்பில் ஏஜெண்ட் மூன்று வருடக் கணக்கில் 'கொண்டுவிக்க', அதாவது கடல் கடந்து தொழில் நடத்த, வருவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுப்பார்கள். சமையல் பொது.

ஒரே கூடத்தில் இத்தனை பேர் போட்டித் தொழில் நடத்தியதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை மட்டும் இல்லை. யார் வாங்கிய கடனைத் திருப்புகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்ற செய்தி அங்கே காதோடு காதாக வந்துவிடும். நடப்பு வட்டியைக் கூடிப் பேசி வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. நிதித் தொழில் செய்கிறவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் குவிவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த பன்னாட்டு வங்கிகள் ஒரே சதுர கிலோமீட்டருக்குள் அடைந்துகொண்டதும் இதே காரணத்தால்தான்.

ஆக, வணிகமே இல்லாத ஓர் இடத்துக்கு வணிகம் வந்த கதை இல்லை இது. ஒருவகை வணிகம் வெளியேறி இன்னொரு வகை உள்ளே வந்த கதை.

மாற்றியவை நான்கு

1. நிலம் ஒரு கைக்கு வந்தது

கடைவீட்டின் முகப்பு குறுகல், உள்ளே நீளம். ஒரு கோபுரத்துக்கு அடித்தளம் போட இப்படிப் பல மனைகள் சேர வேண்டும். ஒவ்வொரு மனைக்கும் ஓர் உரிமையாளர். அவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகள் நாலைந்து பேர். அதில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் வேலை நின்றுவிடும்.

1966-இல் கொண்டுவரப்பட்ட நிலக் கையகப்படுத்தும் சட்டம் இந்த முடிச்சை வெட்டியது. பொதுப் பயனுக்கு என்று மட்டும் இல்லாமல் குடியிருப்பு, வணிகம், தொழில் எதற்காகவும் அரசு நிலத்தை எடுக்கலாம் என்று அது இடம் கொடுத்தது. எடுத்த நிலத்தைச் சேர்த்துப் பெரிய மனையாக்கி, ஏலமுறையில் 99 வருடக் குத்தகைக்குத் தனியாருக்குக் கொடுத்தார்கள். இந்த விற்பனை 1967-இல் தொடங்கியது. வாங்குகிறவர் எதைக் கட்டலாம், எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கும். வாங்கிப் போட்டு விலை ஏறக் காத்திருக்க முடியாது.

இழப்பீடு எப்படி? இந்த இடத்தைத்தான் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிறார்கள். 1973-இல் செய்த திருத்தத்தின்படி, அந்த ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இருந்த சந்தை மதிப்பு, அல்லது அரசிதழில் அறிவிப்பு வந்த நாளின் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 1980-இல் நிலம் எடுக்கப்பட்டவருக்கும் கணக்கு 1973-ஆம் வருட விலையில்தான். நடுவே எவ்வளவு ஏறியிருந்தாலும் அது அரசுக்கு. அந்த அடிப்படைத் தேதியைப் பின்னாளில் முன்னே நகர்த்திக்கொண்டே வந்து, 2007-இல்தான் முழுச் சந்தை விலை என்ற விதிக்கு மாறினார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளும் நகரச் சீரமைப்புக்காகக் கையகப்படுத்தப்பட்டுக் காலியாயின. தொழிலின் மிச்சம் டேங்க் ரோடு பக்கமும் சிராங்கூன் பக்கமும் போயிற்று.

2. வாடகைக் கட்டு அவிழ்ந்தது

போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தியது. ஏழைகளுக்கு அன்று அது உயிர்த்தண்ணீர். ஆனால் இருபது வருடம் கழித்து நிலைமை வேறு. வரும் வாடகை கூரையைப் பழுதுபார்க்கக்கூடப் போதாது என்று உரிமையாளர் கையை விரித்தார். இவ்வளவு குறைந்த வாடகைக்கு வேறு எங்கே போவது என்று வாடகைதாரர் இருந்த இடத்திலேயே இருந்தார், உள்வாடகைக்கும் விட்டார். இரண்டு பேர் சொன்னதும் நியாயமே. கட்டடம்தான் இற்றுப்போனது.

1969-இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றி, நகரின் நடுப்பகுதிக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். வரைபடத்தில் காலணி வடிவில் இருந்ததால் அந்தப் பகுதிக்குத் 'தங்கக் காலணி' என்று பெயர். அங்கே சொத்து வைத்திருந்தவர் மறுகட்டுமானம் செய்யப்போவதாகச் சொன்னால் வாடகைதாரரை வெளியேற்றலாம். வாடகைதாரருக்கு இழப்பீட்டை ஒரு வாரியம் முடிவு செய்யும். தீவு முழுவதும் வாடகைக் கட்டுப்பாடு ஒழிந்தது 2001-இல். நகரின் நடுப்பகுதி மட்டும் முப்பது வருடம் முந்திக்கொண்டது. வணிக வட்டாரம் சந்தையின் போக்கில் தானாக விளைந்தது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு சட்டத்தைக் காட்டினால் போதும்.

3. பணத்தின் வகை மாறியது

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. புது வருமானம் தேட வேண்டிய நெருக்கடி.

அரசின் பொருளாதார ஆலோசகராக இருந்த டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸ் ஓர் யோசனையைப் பிடித்தார். பணச் சந்தை காலையில் சூரிக்கில் திறக்கும், பிறகு லண்டன், நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ. சான் ஃபிரான்சிஸ்கோ மூடியபின் மறுநாள் சூரிக் திறக்கும்வரை உலகம் முழுக்க ஓர் இடைவெளி. அந்த இடைவெளியின் கடிகார நேரத்தில் உட்கார்ந்திருந்தது சிங்கப்பூர்.

1968-இலேயே ஆசிய டாலர் சந்தை தொடங்கியது. முதல் உரிமம் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு. ஆசிய டாலர் என்றால் புது நாணயம் இல்லை. அமெரிக்க டாலரை அமெரிக்காவுக்கு வெளியே, ஆசியாவில் இயங்கும் வங்கி ஒன்றில் வைப்புத்தொகையாகப் போட்டு வைப்பது. வெளிநாட்டவர் பெறும் வட்டிக்கு இருந்த வரியை அரசு நீக்கியதும் பணம் வரத் தொடங்கியது. 1971-இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் அமைந்தது.

இந்தப் பணத்துக்கும் படகுத்துறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்குக் கிடங்கு வேண்டாம், படித்துறை வேண்டாம். தொலைபேசி, டெலக்ஸ், மாடி மாடியாக அலுவலகம், பக்கத்தில் வழக்கறிஞர், இவைதான் வேண்டும். உயர்ந்த கட்டடத்துக்கான தேவை இங்கேதான் பிறந்தது.

4. துறைமுகம் நகர்ந்தது

1972 ஜூனில் தஞ்சோங் பகார் கொள்கலன் முனையத்துக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. இரும்புப் பெட்டியைப் பளுதூக்கி நேரே கப்பலிலிருந்து கரையில் இறக்கிவிடுகிறது. நடுவில் தோங்காங்குக்கு வேலையில்லை, தோளுக்கும் வேலையில்லை. ஆற்றுப் படகுகள் இன்னும் பத்து வருடம் ஓடின. ஆனால் அந்தத் தொழிலின் அடிமரம் அன்றே அறுபட்டுவிட்டது.

ஆற்றைச் சுத்தம் செய்தது அப்புறம்

1977-இல் ஆறு எப்படி அசுத்தமானது என்பதைப் பார்த்தால் வேலையின் அளவு புரியும். குப்பையை அள்ளினால் தீரும் சிக்கல் இல்லை. அசுத்தம் மேலிருந்து வந்தது: கழிவுநீர்க் குழாய் இல்லாத குடியிருப்புகள், பன்றி, வாத்துப் பண்ணைகள், தெருவோர உணவுக் கடைகளின் கழுநீர், படகுகளின் எண்ணெய். சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆறு இரண்டின் வடிநிலங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

சுமார் 26,000 குடும்பங்கள் வேறு இடத்தில் குடியேற்றப்பட்டன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. ஏறக்குறைய 5,000 தெருவோர வியாபாரிகள் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். 1983-இல் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. அப்புறம் ஆற்றின் அடிமண்ணைத் தூர்வாரி, கரையைச் செப்பனிட்டு, 1987-இல் வேலையை முடித்தார்கள். இடமாற்ற இழப்பீடு நீங்கலாக ஆன செலவு சுமார் 17 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

மெச்ச வேண்டிய வேலைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குடிசையில் இருந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் படகுக்காரரின் கணக்கு வேறு. அவர் வேலை கரையை ஒட்டிய கடைக்காரரோடும் கிடங்கோடும் பின்னியிருந்தது. பாசிர் பாஞ்சாங்கில் படகு கட்ட இடம் இருந்தது. அந்தப் பின்னல் இல்லை. படகுகள் போன பிறகு போட் கீ வெறிச்சோடிப்போனது, கடைவீடுகள் பல பூட்டிக் கிடந்தன. வணிக வட்டாரம் பின்னால் வளர்ந்துகொண்டிருந்த அதே வருடங்களில் ஆற்றை ஒட்டிய முதல் வரிசை செத்துக்கொண்டிருந்தது.

முன்வரிசை மட்டும் எப்படித் தப்பியது?

புகைப்படத்தில் எல்லோரையும் கவர்கிற அந்த ஓட்டுக்கூரை வரிசை இன்று நிற்பதற்குக் காலமும் ஒரு காரணம். 1970-களின் பார்வையில் பழைய கடைவீடு என்றால் சேரி. அந்தப் பத்தாண்டில் படகுத்தொழில் கரையைவிட்டுப் போகவில்லை, அதனால் அந்த வரிசையும் ஒட்டுமொத்தமாய் இடிபடவில்லை. படகுகள் போய் இடம் காலியான 1980-களின் நடுவிலோ, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் எண்ணமே மாறியிருந்தது. எல்லாவற்றையும் இடித்துவிட்டால் பயணிகளுக்குக் காட்ட என்ன மிஞ்சும் என்ற கேள்வி எழுந்தது. 1989 ஜூலையில் போட் கீ பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது.

பாதுகாப்பு என்றால் முகப்பும் கூரையும் உயரமும் மாறக்கூடாது. உள்ளே நடக்கும் தொழில் மாறலாம், மாறியது. அரிசிக் கிடங்குகள் உணவகங்களும் மதுக்கூடங்களும் ஆயின. பின்னால் இருந்த அலுவலகங்களின் ஆட்கள் மாலையில் வந்து உட்காரும் இடமாயிற்று. கட்டடம் காப்பாற்றப்பட்டது, அதில் நடந்த தொழில் காப்பாற்றப்படவில்லை.

ஆற்றுக்கும் கோபுரத்துக்கும் உள்ள உறவைப் பார்க்க, யூஓபி வங்கியின் கோபுரமான யூஓபி பிளாசாவின் அடியில் போய் நிற்க வேண்டும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்தது. கீழ்த்தளத்தைச் சுவர் வைத்து அடைக்காமல் பல மாடி உயரத்துக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து நடந்து வருகிறவருக்கு அந்தத் திறப்பின் வழியே ஆறு தெரியும். சரக்கு வந்த நீர்ப்பரப்பு, காட்சியாக மாறியதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

அந்தக் கோபுரத்தின் உயரம் 280 மீட்டர். ஓயூபி சென்டர் (இன்று ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ்), ரிபப்ளிக் பிளாசா ஆகிய கோபுரங்களும் அதே 280. ஒன்றை ஒன்று விஞ்சாமல் நின்றதற்குக் காரணம், பாயா லேபார் விமானத் தளத்துக்காக வைத்திருந்த உயர வரம்பு.

கடலை நிரப்பி நீண்ட வட்டாரம்

பழைய மையம் நிரம்பியபோது பக்கத்தில் நிலம் தயாராக இருந்தது. 1970-களிலிருந்தே ஆற்று முகத்துக்கு வெளியே கடலைத் தூர்த்து மரீனா பே பகுதியில் சுமார் 360 ஹெக்டேர் உருவாக்கியிருந்தார்கள். அங்கே பழைய உரிமையாளர் இல்லை, வாடகைதாரர் இல்லை, இழப்பீட்டு வழக்கு இல்லை. 2010-இலிருந்து மரீனா பே நிதி மையத்தின் கோபுரங்கள் திறக்கப்பட்டன. அதற்கு முன்பே, 2008-இல், மரீனா அணைக்கட்டு கடலை மறித்துவிட்டது. தோங்காங்குகள் ஏற்றவற்றம் பார்த்து ஓடிய ஆறு இப்போது நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி. அதிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள். 1977-இல் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் இது நடந்திருக்காது. அந்த வேலையின் உண்மையான பலனை வங்கிக் கோபுரங்களைவிடக் குடிநீர்க் குழாயில் தேடுவதுதான் சரி.

இரவில் காலியாகும் தெருக்கள்

அலுவலகம் மட்டுமே இருக்கும் வட்டாரத்துக்கு ஒரு நோய் உண்டு. மாலை ஏழு மணிக்கு மேல் ஆள் இருக்காது. சனி, ஞாயிறு சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும். ரயிலும் சாலையும் காலையில் ஒரு பக்கம் நெரியும், மாலையில் எதிர்ப்பக்கம் நெரியும். வீட்டிலிருந்தே வேலை என்று வந்துவிட்டால் பகலிலும் காலி.

இதைச் சரிசெய்ய 2019-இல் ஊக்கத் திட்டம் ஒன்றை நகர மறுசீரமைப்பு ஆணையம் அறிவித்தது. மைய வட்டாரத்தின் குறிப்பிட்ட பகுதிகளில், 20 வருடத்துக்கு மேலான அலுவலகக் கட்டடத்தைக் குடியிருப்பும் கலந்த கட்டடமாக மாற்றிக் கட்டினால், வழக்கமாக அனுமதிப்பதைவிடக் கூடுதல் தளப்பரப்பு கிடைக்கும். மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளங்களைக் கட்டலாம் என்பதுதான் தளப்பரப்பு விகிதம். நிலம் விலையேறிய இடத்தில் அந்த விகிதத்தில் சிறிது கூட்டினாலும் அது பெரும் பணம்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் இந்த முழுச் சுற்றையும் ஒரே தெருவில் பார்க்கலாம். கிட்டங்கிகள் போயின. 1984-இல் அங்கே தங்கக் காலணி என்ற பெயரிலேயே பல மாடிக் கார் நிறுத்துமிடம் வந்தது. அதற்குள் உணவங்காடி நிலையமும் இருந்தது. பிறகு அதையும் இடித்து, 2021-இல் 51 மாடி உயரத்துக்கு கேபிட்டாஸ்பிரிங் கோபுரம் எழுந்தது, இதுவும் 280 மீட்டர். இரண்டாம், மூன்றாம் தளங்களில் உணவங்காடி நிலையத்தைத் திரும்ப வைத்தார்கள். மதிய நேரத்தில் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசை நிற்கிறது. அதற்கு மேலே எட்டு மாடிகளில், இரவு தங்குவதற்கு வாடகை அறைகள்.